பூர்வகுடிகளின் டிஸ்டோபியா நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் சில நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுவோம். கடந்த இரண்டு குளிர்காலங்களாகக் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பூர்வகுடி எழுத்தாளர்கள் எழுதிய டிஸ்டோபியா நாவல்களை எடுத்துக்கொண்டோம். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். தொலைபேசியிலும் அதே கேள்விகள்தான் வந்தன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன்.

டிஸ்டோபியா எண்டால் என்ன? பேய்க்கதையா, விஞ்ஞானக் கதையா?

எதிர்காலத்தில் ஒரு சமூகம் மனிதர் மனிதராக வாழ முடியாத இடமாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதப்படும் கதை. காரணம் கொடுங்கோல் அரசாக இருக்கலாம், வெள்ளமாக இருக்கலாம், நோயாக இருக்கலாம். விஞ்ஞானப் புனைகதையின் ஒரு கிளை என்று சொல்வார்கள். ஆனால் நாங்கள் வாசித்த நாவல்களில் இயந்திரங்களும் விண்கலங்களும் மிகக் குறைவு. பனி, காடு, பசி, பாட்டிமார், வேட்டை, நடை, இவைதான் நிறைய.

இந்த வகை எழுத்துக்கு ஒரு பெயர் வைத்துத் தொகுத்துக் காட்டியவர் கிரேஸ் டில்லன் என்ற, அனிஷினாபே பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த பேராசிரியர். 2012இல் பூர்வகுடி எழுத்தாளர்களின் விஞ்ஞானப் புனைகதைகளை ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தார். அதற்கு முன்பும் இப்படி எழுதியவர்கள் இருந்தார்கள். ஜெரால்ட் விசனர் 1978இலேயே பெற்றோல் தீர்ந்துபோன அமெரிக்காவை வைத்து ஒரு நாவல் எழுதிவிட்டார். அவற்றையெல்லாம் ஒரே மரபாகப் பார்க்கும் பழக்கம்தான் பின்னால் வந்தது.

பூர்வகுடிகள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கனடாவின் 1982 அரசியல் சட்டம் மூன்று பிரிவினரைச் சொல்கிறது: முதற்குடிகள், வடதுருவப் பகுதியின் இனுவிட், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பில் தோன்றிய மேட்டி. ஆனால் எழுத்தாளர்கள் தங்களை இந்தப் பொதுப் பெயரால் அழைத்துக்கொள்வது குறைவு. அனிஷினாபே, கிரீ, மிக்மாக் என்று தங்கள் சொந்த இனப்பெயரைத்தான் சொல்வார்கள். நானும் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

மற்ற டிஸ்டோபியாக் கதைகளுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? எல்லாத்திலும் உலகம் அழியுது, கொஞ்சப் பேர் தப்பி ஓடுகினம்.

வழக்கமான டிஸ்டோபியாக் கதை, “கவனமாக இல்லாவிட்டால் நமக்கும் இப்படி நடக்கலாம்” என்று எச்சரிக்கும். அங்கே அழிவு இனிமேல்தான் வரப்போகிறது. இந்த எழுத்தாளர்களுக்கோ அது ஏற்கெனவே வந்துவிட்டது. வாப்கேஷிக் ரைஸ் 2018இல் எழுதிய 'மூன் ஆஃப் தி கிரஸ்டட் ஸ்நோ' நாவலில் ஏலீன் என்றொரு கிழவி வருகிறார். ஊரில் மின்சாரம் போய், தெற்கிலிருந்து செய்தியே வராமல் போனதும், இளைஞர்கள் உலகம் அழிகிறது என்கிறார்கள். தங்கள் மொழியில் அதற்கு ஒரு சொல்லே இல்லை என்கிறார் கிழவி. வெள்ளையர் வந்து காட்டை வெட்டி, மீனை அள்ளி, தங்களை வடக்கே துரத்தியபோதே தங்கள் உலகம் முடிந்துவிட்டது. பிறகு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனபோது இன்னொருமுறை முடிந்தது. ஆனாலும் இங்கேதான் இருக்கிறோம் என்பது அவர் பேச்சின் சாரம். எங்கள் வட்டத்தில் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தபோது கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

கைல் வைட் என்ற பொட்டவாட்டமி இனச் சிந்தனையாளரும் 2017இல் இதையே ஒரு கட்டுரையில் வாதிட்டார்: அவர்களுடைய முன்னோரின் கண்ணால் பார்த்தால், இன்றைய நிலைமையே ஒரு டிஸ்டோபியா. இது உவமையாகச் சொன்னது என்று நினைக்காதீர்கள். 1885க்குப் பிறகு கனடாவின் மேற்கில், முதற்குடி மக்கள் தங்கள் ஒதுக்கிடத்தை (அரசு அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தை) விட்டு வெளியே போக அரசு அதிகாரியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்குச் சட்டமே இல்லை. இருந்தும் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. போட்லாட்ச் என்ற சடங்குக் கூடல் 1885 முதல் 1951 வரை குற்றம். வினிபெக் நகரம் 1919 முதல் ஷோல் ஏரித் தண்ணீரைக் குடிக்கிறது. அந்த ஏரிக்கரையில் வாழும் ஷோல் லேக் 40 முதற்குடி மக்களோ 1997 முதல் 2021 வரை தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையின் கீழ் இருந்தார்கள். ஒரு நாவலாசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், “இப்படியும் நடக்குமா” என்று கேட்டிருப்போம்.

எலும்பு மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கிறாங்களாம். இது கொஞ்சம் கூடிப்போகேல்லையா?

ஷெரி டிமலீன் 2017இல் வெளியிட்ட 'தி மேரோ தீவ்ஸ்' பற்றிய கேள்வி இது. டிமலீன் மேட்டி இனத்தவர். நாவல் கனடாவின் ஆளுநர் நாயக இலக்கிய விருது பெற்றது. கதை இப்படி: சூழல் கெட்டு நகரங்கள் சிதைந்த பிறகு, மற்ற மனிதர்கள் கனவு காணும் ஆற்றலை இழந்துவிடுகிறார்கள். கனவில்லாமல் பைத்தியம் பிடிக்கிறது. பூர்வகுடிகளுக்கு மட்டும் கனவு வருகிறது, அந்தக் கனவு அவர்களுடைய எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. ஆகவே அவர்களை வேட்டையாடிப் பிடித்து, “பாடசாலை” என்று பெயரிட்ட இடங்களில் அடைத்து மஜ்ஜையை எடுக்கிறார்கள்.

கூடிப்போனதா என்று முடிவு செய்ய, அந்தப் “பாடசாலை” என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கனடாவின் வதிவிடப் பாடசாலைகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலானவை தேவாலயங்களால் நடத்தப்பட்டவை. தாய்மொழி பேசினால் அடி. முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள். 2015இல் அறிக்கை கொடுத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று சொன்னது. அங்கே இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட பிள்ளைகள் மட்டும் 4,000க்கு மேல்.

இன்னொன்றும் உண்டு. 1948க்கும் 1952க்கும் இடையில் அந்தப் பாடசாலைகளில் சிலவற்றில் பட்டினியாக இருந்த பிள்ளைகளை வைத்து ஊட்டச்சத்துப் பரிசோதனைகள் நடத்தினார்கள். முடிவு மாறிவிடக்கூடாது என்பதற்காகப் பல் வைத்தியத்தையும் நிறுத்தினார்கள். 2013இல் ஒரு வரலாற்றாய்வாளர் இதை வெளியே கொண்டுவந்தார். பிள்ளைகளின் உடம்பை எடுத்து மற்றவர்களின் நன்மைக்குப் பயன்படுத்துவது என்ற விஷயத்தை டிமலீன் வானத்திலிருந்து எடுக்கவில்லை. மஜ்ஜை மட்டும்தான் அவருடைய கற்பனை.

எதிலிருந்து தொடங்கலாம்?

ரைஸின் நாவலிலிருந்து. சின்னப் புத்தகம், எளிமையான ஆங்கிலம். கதை ஒரே ஊரில், ஒரே குளிர்காலத்தில் நடக்கிறது. வட ஒன்ராறியோவின் ஓர் அனிஷினாபே ஒதுக்கிடம். இவன் வைட்ஸ்கை என்ற இளம் குடும்பத்தவர் ஒரு மூஸ் மானை வேட்டையாடி, நன்றியாகப் புகையிலை வைத்து வணங்குவதோடு தொடங்கும். பிறகு கைபேசி வேலை செய்யாது. தொலைக்காட்சி போகும். மின்சாரம் போகும். கடைக்குச் சாமான் ஏற்றிவரும் லொறி வராது.

வாசிச்சுப் பார்த்தன். பாதி வரைக்கும் ஒண்டுமே நடக்கேல்லையே?

இந்தக் குறை அடிக்கடி வருகிறது. நான் அதை ஏற்கவில்லை. அந்தப் பாதியில் மூத்தவர்களின் வீட்டுக்கு விறகு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பழைய டீசல் மின்பிறப்பாக்கியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, அதை எத்தனை நாளுக்கு இழுக்கலாம் என்று சபை கூடிக் கணக்குப் போடுகிறது. யாரிடம் எவ்வளவு இறைச்சி இருக்கிறது, எந்தக் குடும்பத்தில் ஆண் துணை இல்லை, யார் குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடப்பார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஓர் ஊர் எப்படிக் குலையாமல் நிற்கிறது என்பதுதான் அங்கே கதை. துப்பாக்கிச் சண்டைக்காகக் காத்திருந்தால் இது கண்ணில் படாது.

2003 ஓகஸ்டில் ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் பெரிய மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். ரைஸ் அப்போது தன் சொந்த ஊரான வசாக்சிங்கில் இருந்தார். நாவலின் விதை அந்த நாள் என்று சொல்லியிருக்கிறார். நானும் அந்த இரவு ரொறன்ரோவில்தான் இருந்தேன். பன்னிரண்டாவது மாடியில், உருகும் ஐஸ்கிறீமைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக்கொடுத்தோம். அதற்கு முன்பு அவர்களின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

எல்லாம் ஒரே சோகமா இருக்குமோ? ஏற்கெனவே மனசு சரியில்லை.

சாவு இருக்கிறது, இழப்பு இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் இந்த நாவல்களை முடித்துவிட்டு நான் சோர்ந்துபோனதில்லை. டிமலீன் தன் நாவலை இளையவர்களுக்காக எழுதினார். பூர்வகுடி இளைஞர்களிடையே தற்கொலை பெரும் துயரமாக இருக்கும் நாட்டில், எதிர்காலத்தில் தாங்களும் இருக்கிறோம் என்று அவர்கள் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதனால்தான் அவருடைய கதையில் உலகத்தைக் காப்பாற்றக் கூடியவர்கள் அந்தப் பிள்ளைகளே.

அந்த நாவலில் காட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். பிரெஞ்சி என்ற பையன், மிக் என்ற மூத்தவர், மினர்வா என்ற பாட்டி, இரத்த உறவே இல்லாத சில பிள்ளைகள். இரவானால் மிக் தங்கள் மக்களின் வரலாற்றைச் சொல்வார். இந்தக் கூட்டத்துக்கு வந்துசேர்ந்த கதை ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கிறது. அதை அவரவர்தான் சொல்லலாம், விருப்பம் வந்தபோதுதான் சொல்லலாம். மற்றவர்கள் கேட்டு நச்சரிப்பதில்லை. அகதி விசாரணையில் தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கப்பட்ட ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். அந்த வழக்கத்தைப் பற்றி வாசித்துவிட்டு அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். அடுத்த மாதம்தான் மீதியை வாசித்தார்.

ஏன் விளங்காத சொற்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள்? அடிக்குறிப்பாவது போடலாம்தானே?

அனிஷினாபே, கிரீ சொற்கள் நடுவில் வரும். பெரும்பாலும் முன்பின் வாக்கியங்களை வைத்து விளங்கிவிடும். விளங்காவிட்டாலும் பாதகமில்லை. மேலே சொன்ன பாடசாலைகள் எதை அடித்து அழிக்கப் பார்த்தன என்று யோசித்தால், ஓர் எழுத்தாளர் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் தாளில் வைப்பதன் கனம் தெரியும். மிக்கின் கூட்டத்துப் பிள்ளைகள், மினர்வாவின் வாயிலிருந்து ஒரு பழைய சொல் விழுந்தால் அதைப் பொறுக்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒருத்திக்குத் தெரிந்த சொல் இன்னொருத்தனுக்குத் தெரியாவிட்டால் பொறாமைப்படுகிறான். முடிவைச் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த மொழிக்கு இந்த நாவலில் பெரிய வேலை இருக்கிறது.

கிரேஸ் டில்லன் தன் தொகுப்பில் 'பிஸ்காபியாங்' என்ற அனிஷினாபே சொல்லை எடுத்துப் பேசுகிறார். நமக்குள் திரும்பிப் போதல் என்று சொல்லலாம். காலனியம் ஏற்றிவைத்த பாரத்தை இறக்கிவிட்டு, முன்னோரிடமிருந்து வந்ததை எடுத்துக்கொண்டு மேலே நடப்பது. இந்த நாவல்களில் எதிர்காலம் என்பது பெரும்பாலும் இந்தத் திரும்புதல்தான்.

கனடாவில் மட்டுமா இப்படி எழுதுகிறார்கள்?

இல்லை. அமெரிக்காவில் லூயிஸ் எர்ட்ரிக் 2017இல் பரிணாமமே பின்னோக்கி ஓடும் ஓர் உலகத்தை எழுதினார். கர்ப்பிணியான ஓர் ஒஜிப்வே பெண், பிறக்கப்போகும் பிள்ளைக்கு எழுதும் நாட்குறிப்பு அது. அவுஸ்திரேலியாவில் அலெக்சிஸ் ரைட் என்ற வான்யி இனப் பெண்மணி 2013இல் 'தி ஸ்வான் புக்' எழுதினார். காலநிலை நாசமாகி, உலகமெல்லாம் மக்கள் அகதிகளாக அலைகிறார்கள். வடக்கே இராணுவக் காவலில் ஒரு சதுப்பு நிலத்தில் ஆதிக்குடி மக்கள் அடைபட்டிருக்கிறார்கள். 2007இல் அவுஸ்திரேலிய அரசு வட பிரதேசத்து ஆதிக்குடி ஊர்களுக்கு இராணுவத்தை அனுப்பியதை அறிந்தவருக்கு அந்தச் சதுப்பு நிலம் புதிதாக இருக்காது. மிகக் கடினமான நாவல், மெதுவாக வாசியுங்கள். நான் மூன்றாவது முயற்சியில்தான் முடித்தேன், இப்போது இந்த எல்லாப் புத்தகங்களிலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

கிளேர் ஜி. கோல்மன் என்ற நூங்கார் எழுத்தாளரின் 'டெரா நல்லியஸ்' 2017இல் வந்தது. தலைப்பு, யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற லத்தீன் சட்டச் சொல். அவுஸ்திரேலியா அப்படிப்பட்ட நிலம் என்ற கொள்கையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992இல் மாபோ வழக்கில்தான் நிராகரித்தது. நாவலின் நடுவில் ஒரு திருப்பம் இருக்கிறது. தயவுசெய்து பின்னட்டையையும் விமர்சனங்களையும் பார்க்காமல் வாசியுங்கள். அந்தப் பக்கத்துக்கு முன்பு யாருக்காக இரங்கினோம், எவ்வளவு தூரத்தில் நின்று இரங்கினோம் என்று பிறகு திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கும்.

படமா வந்திருக்கா? வாசிக்க நேரமில்லை.

இரண்டு சொல்கிறேன். மிக்மாக் இயக்குநர் ஜெஃப் பார்னபி 2019இல் எடுத்த 'பிளட் குவாண்டம்', நடைபிணங்களின் நோய் பூர்வகுடிகளை மட்டும் தொற்றாத கதை. இரத்தம் நிறைய. கிரீ-மேட்டி இயக்குநர் டேனிஸ் கூலேயின் 'நைட் ரெய்டர்ஸ்' 2021இல் வந்தது. அரசு பறித்துக்கொண்ட மகளைத் தேடும் தாயின் கதை.

பார்னபியின் படம் 1981இல் நடக்கிறது. அந்த ஆண்டு ஜூன் மாதம் கியூபெக் பொலிஸார் சால்மன் மீன்பிடி உரிமைத் தகராறில் பார்னபியின் ஊரான ரெஸ்டிகூஷுக்குள் இரண்டு முறை புகுந்து அடித்தார்கள். 1981 ஜூன் என்றதும் எங்கள் அறையில் இருந்த எல்லோருக்கும் வேறொன்று நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த சில நாட்களில்தான் அங்கே முதல் தாக்குதல்.

பூர்வகுடிகள் எழுதினால்தான் சேர்த்தியா? வேறு ஆட்கள் எழுதினால் என்ன?

யாரும் எதையும் எழுதலாம். ஆனால் வேறு ஆட்கள் எழுதிய கதைகளில் பூர்வகுடி என்றால் அழிந்துகொண்டிருக்கும் கடைசி மனிதர், அல்லது வெள்ளைக் கதாநாயகனுக்கு வழிகாட்டிவிட்டுச் சாகும் ஞானி. நூறு வருடங்களுக்கு மேலாக இதுதான் நடந்தது. எதிர்காலக் கதைகளிலோ அவர்கள் பெரும்பாலும் இருக்கவே மாட்டார்கள்.

அதேநேரம், பூர்வகுடி எழுத்தாளர் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் அவர்கள் நினைப்பதில்லை. 2018இல் ரெபெக்கா ரோன்ஹோர்ஸ் பெருவெள்ளத்துக்குப் பிந்திய நவாஹோ தேசத்தை வைத்து ஒரு நாவல் எழுதியபோது, நவாஹோ எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து பகிரங்கமாக எதிர்த்தார்கள். தங்கள் புனிதக் கதைகளை, அந்த இனத்தில் பிறக்காத ஒருவர் சாகசக் கதைக்குச் சாமானாக்கிவிட்டார் என்பது அவர்களின் குறை. ரோன்ஹோர்ஸை ஆதரித்தவர்களும் இருந்தார்கள். எனக்கு நாவல் பிடித்திருந்தது, அந்தக் குறையிலும் நியாயம் தெரிந்தது. 'பூர்வகுடி' என்ற பொதுப் பெயர் எவ்வளவு பெரிய போர்வை என்பதற்கு இதுவே சாட்சி.

இது எங்கட கதை மாதிரியே இருக்குதே?

எங்களில் பலருக்கு அப்படித்தான் பட்டது. காட்டுவழி நடை, பிள்ளைகளை ஒளித்துவைப்பது, எரிந்த புத்தகங்கள், திரும்பிப் போக முடியாத ஊர். அந்த நெருக்கம் உண்மையானது, அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், அவர்களுடைய கதையை நம்முடைய கண்ணாடியாக மட்டும் பயன்படுத்தியவர்கள் ஆவோம். அவர்கள் ஒரு நாட்டிலிருந்து தப்பி இன்னொரு நாட்டுக்குப் போகவில்லை. சொந்த நிலத்திலேயே இருக்க, நாடுதான் அவர்கள்மேல் வந்து இறங்கியது.

அப்ப நாங்களும் குடியேறிகளா? நாங்கள் உயிருக்குப் பயந்து வந்தனாங்கள், ஆரின்ர நிலத்தையும் பறிக்கேல்லை.

கோபத்தோடு கேட்கப்பட்ட கேள்வி இது. கோபம் எனக்கு விளங்குகிறது. நானும் அப்படித்தான் வந்தேன். பறித்தவர்கள் நாங்கள் இல்லை என்பது சரி. ஆனால் பறித்த பிறகு பிரித்துக் கொடுக்கப்பட்ட நிலத்தில்தான் வீடு வாங்கியிருக்கிறோம். ரொறன்ரோ நிலம் 1787இல் மிசிசாகா மக்களிடம் வாங்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அந்தப் பத்திரத்தில் நிலத்தின் விவரமே எழுதப்படாமல் வெற்றிடமாக இருந்தது பிறகு தெரியவந்தது. 1805இல் 10 ஷில்லிங் கொடுத்து மறுபடி உறுதிசெய்தார்கள். அதற்கான இழப்பீட்டு வழக்கு 2010இல் 14.5 கோடி டொலருக்குத் தீர்ந்தது. அப்போது நம்மில் பலர் இங்கே வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்தோம்.

ரைஸின் நாவலில் ஜஸ்டின் ஸ்கொட் என்ற வெள்ளையர் பனியில் தனியாக ஊருக்குள் வந்து இடம் கேட்கிறார். ஊரின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சபை அவரைச் சேர்த்துக்கொள்கிறது. அவர் கட்டுப்பட்டாரா என்பதுதான் பிற்பாதி. இவன் வைட்ஸ்கையின் வீட்டுக்காரராக நம்மை வைத்து வாசித்தவர்களும், பனியில் வந்து கதவைத் தட்டியவராக வைத்து வாசித்தவர்களும் எங்கள் அறையில் இருந்தார்கள். ஒரு மாலை முழுக்க வாதிட்டோம். நான் இரண்டாவது பக்கம் இருந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

'தி மேரோ தீவ்ஸ்' அந்த வயதினருக்காகவே எழுதப்பட்டது. ஆனால் ஒரு பெண் பாத்திரம் தான் அனுபவித்த பாலியல் வன்முறையைச் சொல்லும் அத்தியாயம் ஒன்று உண்டு. ஒரு சிறுபிள்ளையின் சாவும் உண்டு. பெற்றோர் முதலில் வாசித்துவிட்டுக் கொடுத்தால் பிறகு சேர்ந்து பேசலாம். 'தி ஸ்வான் புக்' வேண்டாம், அது பெரியவர்களுக்கு.

அடுத்தது என்ன வாசிக்கிறீங்கள்?

ரைஸ் 2023இல் எழுதிய தொடர்ச்சி, 'மூன் ஆஃப் தி டர்னிங் லீவ்ஸ்'. பத்தாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. வடக்கே ஏரியில் மீன் குறைந்துவிட்டது. இவன் வைட்ஸ்கையும், இப்போது வளர்ந்துவிட்ட மகள் நாங்கோன்ஸும் இன்னும் சிலரும், ஏலீன் கிழவி சொன்ன அந்தப் பழைய சொந்த நிலத்தைத் தேடித் தெற்கே நடக்கிறார்கள். மார்ச் மாதம் தொடங்குகிறோம். நூலகத்தில் பிரதிகள் குறைவு, இப்போதே சொல்லிவையுங்கள்.